அரை அங்குலம்

சாந்த்ராகாச்சியில் வண்டி நின்றுவிட்டது. ஹௌரா கூப்பிடு தூரம். ஒரு பகலும் ஓர் இரவும் ஒழுங்காக ஓடிவந்த வண்டி, அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றத் தயங்குகிறவனைப் போல, யார்டில் கிடந்த சரக்கு வண்டிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நின்றது. எல்லோரும் ரயில்வேயைத் திட்டினார்கள். எனக்கு இன்னும் இரண்டு மணி நேரம் நின்றாலும் சம்மதம்தான்.

எதிர் இருக்கையில் வேலூரில் வைத்தியம் முடித்துத் திரும்பும் ஒரு வங்காளித் தம்பதி. எக்ஸ்ரே உறைகளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கி வந்தார்கள். எனக்கு வங்காளி தெரியும் என்றதும் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"உங்க ஊர் டாக்டருங்க நாம பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கறாங்க, தாதா. அதிலேயே பாதி வியாதி போயிடுது. நீங்க கொல்கத்தாவுக்கு எதுக்குப் போறீங்க?"

"ஒரு சிராத்தத்துக்கு."

"சொந்தக்காரங்களா?"

"இல்லை. முன்னாலே எங்க எதிர் வீட்டிலே இருந்தவர்."

"எதிர் வீட்டுக்காரருக்காக மெட்ராஸ்லேர்ந்தா!" மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா? இந்தக் காலத்திலே இப்படி மனுஷங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கதவருகே போய் நின்றுகொண்டேன்.

எதிர் வீட்டுக்காரர் தபன்தா; தா, தாதா என்றால் வங்காளியில் அண்ணன். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். நான் கப்பல் பழுதுபார்க்கும் ஓர் அரசுப் பட்டறையில் எஞ்சினியராக இருந்தேன். லேக் கார்டன்ஸில் ஒரே மாடியில் பன்னிரண்டு வருஷம் எதிரும் புதிருமாகக் குடியிருந்தோம். என் மகன் சேகரும் அவர் மகன் புபாயும் ஒரே வயது. சேகர் அவரையும் புபாய் என்னையும் காகு, அதாவது சித்தப்பா, என்பார்கள். சேகர் தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. வங்காளிப் பத்திரிகையைத் தண்ணீர் குடிப்பதுபோல வாசிப்பான். இப்போது புனேவில் வேலை. அவன்தான் போன் செய்தான்.

"தபன் காகு போயிட்டாராம்ப்பா. எனக்கு லீவு கிடைக்காது. நீங்களாவது போயிட்டு வாங்க. நம்ம வீட்லேர்ந்து ஒருத்தரும் போகலேன்னா புபாய் என்ன நினைப்பான்?"

போகிறேன் என்றேன். மேஜை டிராயரைத் திறந்து, உள்ளே கடைசியில் கிடந்த இரண்டு நைலான் உருளைகளை எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன். கட்டைவிரல் பருமன்; ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். தபன்தா உயிரோடு இருக்கும்போது அவற்றை அவரிடம் எடுத்துப்போக எனக்குப் பத்து வருஷம் இருந்தது.

ஹௌராவில் டாக்சி கிடைத்தது. பாலம் தாண்டியதும் ஓர் ஊர்வலம் மறித்தது. டிரைவர் பீகார்க்காரர். எஞ்சினை அணைத்துவிட்டுக் கையில் புகையிலையைக் கசக்கத் தொடங்கினார். எதற்கு ஊர்வலம் என்று கேட்டேன்.

"அது கடைசி லாரியிலே வர்றவருக்குத்தான் தெரியும், பாபுஜி. முன்னாலே போறவங்களுக்கே தெரியாது."

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழர் மெஸ்ஸில் இறங்கினேன். நடத்துகிறவர் மணி, திருநெல்வேலிக்காரர், என்னை மறக்கவில்லை. சாம்பார் வெல்லம் போட்டதுபோல இருந்தது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"வெல்லம்தான் சார். சாப்பிட வர்றதிலே பாதிப் பேர் வங்காளி. இனிப்பு இல்லேன்னா சாம்பார் ஊசிப்போச்சுன்னு திருப்பி அனுப்பறான். நான் என்ன செய்ய? ரசத்துலே மட்டும் கை வைக்க விடலே. அதை ஊத்திக்கிடுங்க."

சாயங்காலம் கரியாஹாட் வரை நடந்தேன். நடைபாதைக் கடைகளுக்கு நடுவே பழையபடியே தோளால்தான் வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. உள்சந்தில் ஒரு சைக்கிள் கடை. வாசலில் வரிசையாக நின்ற அத்தனை சைக்கிளிலும் முன்னால் ஸ்பிரிங். முழங்கால் உயரக் குழந்தைச் சைக்கிளில்கூட.

"ஸ்பிரிங் இல்லாததே இல்லையா?" என்று கேட்டேன்.

"உங்க வயசுக்காரங்க ஓட்டற கறுப்பு வண்டி உள்ளே ரெண்டு இருக்கு, தாது," என்றார் கடைக்காரர், என்னைத் தாத்தா ஆக்கி. "இப்பல்லாம் அஞ்சு வயசுக் குழந்தை வந்தாலும் முதல்லே முன்னாடி அமுக்கிப் பாக்குது. அப்புறம்தான் கலரைப் பாக்கும். நீங்களும் அமுக்கிப் பாருங்களேன், காசா பணமா!"

ஒரு சிவப்புச் சைக்கிளின் ஹேண்டிலை அமுக்கினேன். இறங்கி ஏறியது. கையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சைக்கிளின் முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டிருக்கும் கவையைத்தான் ஃபோர்க் என்கிறோம். சாதாரண வண்டியில் அது வெறும் இரும்புக்குழாய், அமுங்காது. ரிஜிட் என்பார்கள். தொண்ணூறுகளில் மலைப் பாதைக்கென்று செய்த சைக்கிள்களில், ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்குள்ளும் ஸ்பிரிங் வைத்தார்கள். கல்லில் மோதினால் கால் உள்ளே போய் அடியை வாங்கிக்கொள்ளும். அது சஸ்பென்ஷன். எங்கள் பையன்கள் இருவரும் வைத்திருந்தவை ரிஜிட் வண்டிகள். புபாயின் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரிலிருந்து அவனுக்கு ஒரு சஸ்பென்ஷன் ஃபோர்க் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று அங்குலம் அமுங்கக்கூடியது.

பொட்டலத்தை அவன் பிரிப்பதற்குள்ளேயே எங்கள் வீட்டில் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது.

"முன் சக்கரம் எதுமேலே போகுதுன்னு உன் கைக்குத் தெரியணும்டா. நடுவிலே ஸ்பிரிங்கை வெச்சா அது உன்கிட்ட பொய் சொல்லும்" என்பேன் நான்.

"அடி என் கையிலே விழுது காகு, உங்க கையிலே இல்லே" என்பான் புபாய்.

"அப்பாவுக்கு ஸ்கூட்டர்லே ஷாக் அப்சார்பர் வேணும், சோஃபாவிலே ஸ்பிரிங் வேணும். சைக்கிளுக்கு மட்டும் ஆகாது" என்பான் சேகர்.

தபன்தா கணக்கு வாத்தியார் அல்லவா? "நிரூபிக்காம ரெண்டு கட்சியும் பேசாதீங்க" என்பார்.

நிரூபிக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

பூஜை விடுமுறையில் இருவரும் காலிம்போங் மலைப் பக்கம் ஓட்டப் போவதாக ஏற்பாடு. புறப்பட மூன்று நாள் இருக்கும்போது புபாய் ஃபோர்க்கைக் கொண்டுவந்தான். "கடைக்காரன் கையிலே குடுக்க மனசில்லே காகு. நீங்களே மாட்டிக் குடுங்க." பட்டறைக்கு எடுத்துப்போனேன். மேல்மூடிகளைத் திருகி எடுத்து, ஸ்பிரிங்குகளை வெளியே உருவினேன். அங்கே கிடந்த நைலான் கம்பியில் இரண்டு உருளைகள் கடைந்து உள்ளே போட்டேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரப்பர் துண்டு. ஹேண்டிலை அமுக்கினால் அரை அங்குலம் இறங்கும். அதற்கு மேல் கட்டை. பார்வைக்கு சஸ்பென்ஷன்; உள்ளுக்குள் ரிஜிட்.

அவன் திரும்பிவந்து, 'என்ன சுகம் காகு!' என்று சொல்லுவான். நான் டிராயரைத் திறந்து ஸ்பிரிங்குகளைக் காட்டுவேன். தபன்தா தொடையில் தட்டிச் சிரிப்பார். அவ்வளவுதான் என் திட்டம். அவன் அதுவரை சஸ்பென்ஷன் வண்டி எதிலும் ஏறியதில்லை. இரண்டு நாள் லேக்கைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, "டிராம் தண்டவாளத்தைத் தாண்டினதே தெரியலே காகு!" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தாகிவிட்டது என்றே நினைத்தேன்.

ரிஜிட் ஃபோர்க் மோசமானதல்ல. இதை இன்றும் சொல்வேன். எடை குறைவு, பழுது கிடையாது, திருப்பின இடத்தில் திரும்பும். ஆனால் அது ரிஜிட் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவன் முழங்கையை மடக்கி, உடம்பைப் பின்னால் தள்ளி, கல்லைப் பார்த்துப் பார்த்து இறங்குவான். புபாய்க்கு நான் அதைத் தெரியவிடவில்லை. மூன்றாம் நாள், கல் நிறைந்த ஓர் இறக்கத்தில், ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஒரு கல்லின்மேல் நேராக விட்டான். சக்கரம் நின்றது. அவன் ஹேண்டிலைத் தாண்டிப் போய் வலது தோளில் விழுந்தான். தோளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்பு வேரோடு பிய்ந்துவிட்டதாகப் பின்னால் வேலூரில் சொன்னார்கள். கை இருக்கிறது, அசையாது. மாமாவைப் போலக் கப்பலில் சேர அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அதோடு போயிற்று.

இதுவரை நான் செய்தது முட்டாள்தனம். அதற்குப் பின்னால் செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

புபாய் சிலிகுரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சேகர் சைக்கிள்களோடு ஊர் திரும்பி, அவற்றை எங்கள் வீட்டில் நிறுத்தினான். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உருளைகளை எடுத்துவிட்டு ஸ்பிரிங்குகளைப் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தபன்தா வந்தார்.

"ஃபோர்க் அமுங்கவே இல்லே, கட்டையாட்டம் இடிச்சதுன்னு பையன் சொல்றான். நீங்க எஞ்சினியர். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

அவர் எதிரிலேயே அமுக்கினேன். மூன்று அங்குலம் இறங்கி ஏறியது. "ஒரு குறையும் இல்லை, தபன்தா. வேகமாப் போயிருப்பான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆபரேஷன் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, வேலூர் போய்வரட்டும் என்று. பிறகு எனக்கு மாற்றல் வந்தது. என் மனைவி சாகும்வரை அவளுக்கும் தெரியாது. அன்று புபாய்க்குப் பின்னால் ஓட்டிவந்த சேகரிடம் கேட்டவர்களுக்கெல்லாம் அவனும், "அப்பா செக் பண்ணிட்டார், ஃபோர்க் சரியாத்தான் இருக்கு" என்றே சொன்னான்.

நான் வந்த இரண்டாம் நாள் சிராத்தம். லேக் கார்டன்ஸ் வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டேன். தபன்தாவின் மனைவியை நான் பௌதி என்பேன். அண்ணி என்று அர்த்தம். வெள்ளைப் புடவையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டீங்களா தாதா? அவர் உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது" என்றார்.

புபாய் மொட்டையடித்து, வெள்ளை வேட்டியில் புரோகிதர் எதிரே உட்கார்ந்திருந்தான். முப்பதைத் தொடுகிறான். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறான். அன்றைய வேலை முழுவதும் வலது கைக்கு. அவன் இடது கையால் தன் வலது மணிக்கட்டைத் தூக்கித் தர்ப்பைமேல் வைத்தான். புரோகிதர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிண்டத்தை உள்ளங்கையில் வைத்து, தாமே விரல்களை மூடினார். சரிக்கும்போது பிண்டம் வாழைமட்டைக்கு வெளியே விழுந்து உடைந்தது. "பரவாயில்லை, இன்னொண்ணு பிடிச்சுக்கலாம்" என்றார் புரோகிதர், மெதுவாக. இரண்டாவதும் விழுந்தது.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"அன்னிக்கு அவ்வளவு வேகமாப் போகாம இருந்திருந்தா, அப்பனுக்கு இன்னிக்கு ஒழுங்காப் பிண்டம் போட்டிருப்பான்."

"தபனே எத்தனை தடவை சொன்னான்! தப்பை ஒத்துக்கிட்டாக்கூட மனசு ஆறும். இவன் ஃபோர்க் மேலே பழி போடறானேன்னு."

எழுந்து சொல்லியிருக்கலாம். கூடம் நிறைய ஆள் இருந்தது. சொல்லச் சரியான இடம் அதுதான். எழுந்தேன். யாரோ என் கையில் ஒரு தட்டு சந்தேஷ் இனிப்பைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், துக்கம் கலைத்து உறவினர்களோடு மீன் சாப்பிடும் நாள். வங்காளிகளுக்கு அது முக்கியம். என் இலையில் மட்டும் மைதாப் பூரியான லுச்சியும் கடலைப்பருப்பும் கத்தரிக்காய் வறுவலும். பௌதி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் இலையிலும் மீன் இல்லை; அங்கே கணவனை இழந்தவர்கள் மீன் தொடுவதில்லை.

"இனிமே நானும் உங்க கட்சி, தாதா. புல்லும் பூண்டும் திங்கறவர்னு எத்தனை வருஷம் உங்களைக் கேலி பண்ணியிருக்கேன்! பாத்துட்டே இருந்து பழி வாங்கிட்டீங்க." அவர் சிரித்தார். நான் குனிந்து லுச்சியைப் பிய்த்தேன்.

புறப்படும்போது புபாய் என்னோடு கீழே வந்தான். மாடிப்படிக்கு அடியில் அந்தச் சைக்கிள் நிற்கிறது. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிக்கிடந்தன. கடந்து போகிறவன், பழக்கம்போல இடது கையால் ஹேண்டிலை ஓர் அமுக்கு அமுக்கினான். கிரீச்சென்று இறங்கி ஏறியது.

"இன்னும் நல்லா அமுங்குது, காகு," என்றான். "அப்பல்லாம் தினம் அமுக்குவேன். ஒரு நாளாவது அமுங்காம நிக்கும்னு. பாபா படியிலே நின்னு பாப்பார். 'அமுங்குதே, பாரு' ம்பார். அவ்வளவுதான் சொல்வார். போகப்போக எனக்கே சந்தேகம். கட்டையாட்டம் இடிச்சதை நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு."

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து உருளைகளை அவன் இடது உள்ளங்கையில் வைத்தேன்.

"ஸ்பிரிங்குக்குப் பதிலா இதுதான் உள்ளே இருந்தது. நான்தான் போட்டேன். விளையாட்டுக்கு. சைக்கிள் திரும்பி வந்ததும் எடுத்துட்டேன். உன் அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது. படியில் உட்கார்ந்துகொண்டு உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எவ்வளவு விட்டீங்க?"

"அரை அங்குலம்."

"அரை அங்குலம்." வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். "அப்ப நான் சொன்னது சரி."

"சரி."

"போன மாசம் ஆஸ்பத்திரியிலே பாபா கேட்டார், 'இப்பவாவது உண்மையைச் சொல்லு புபாய், எவ்வளவு வேகத்திலே போனே?'ன்னு. அவர் நிம்மதியாப் போகட்டும்னு, 'ரொம்ப வேகம் பாபா, தப்பு என்னோடதுதான்'னு சொல்லிட்டேன். என் தலையைத் தடவிக் குடுத்தார். 'இதைச் சொல்ல உனக்குப் பத்து வருஷமாச்சா' ன்னார்."

 அவன் படியிலிருந்து எழுந்தான்.

"உள்ளே போடுங்க," என்றான்.

"எதை?"

"இதைத்தான். போட்டு மாட்டுங்க. நான் அமுக்கிப் பாக்கணும்."

சீட்டுக்கு அடியில் தொங்கிய பழைய பையில் ஸ்பேனர் இருந்தது. மூடிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. அவன் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் மண்டியிட்டுத் திருகினேன். ஸ்பிரிங்குகளை உருவி எடுத்து, உருளைகளை இறக்கி மூடினேன். அரை மணி நேரம் ஆயிற்று. அவன் அமுக்கினான். டொக். மறுபடி அமுக்கினான். டொக். உடம்பின் எடையெல்லாம் அந்த ஒரு கையில் வைத்து, திரும்பத் திரும்ப அமுக்கினான்.

மேலேயிருந்து பௌதியின் குரல் வந்தது. "கீழே என்னடா சத்தம்?"

"காகு சைக்கிளைச் சரி பண்றார், மா."

"இப்ப எதுக்கு அது? யார் ஓட்டப் போறா? பாவம், வயசானவரை மண்ணிலே உக்கார வெச்சிருக்கியே. கை கழுவிட்டு மேலே வந்து மிஷ்டி சாப்பிடச் சொல்லு."

புபாய் ஸ்பிரிங்குகளை என் கைக்குட்டையில் வைத்து என்னிடமே நீட்டினான்.

"இது இப்படியே இருக்கட்டும். ஸ்பிரிங்கை நீங்க கொண்டு போங்க. மாகிட்ட நான் சொல்லிக்கறேன். சேகர்கிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டான்."

அந்த இனிப்பைச் சாப்பிட மேலே போகவில்லை. அவன் கூப்பிடவும் இல்லை.

நான்காம் நாள் மத்தியானம் வண்டி ஏறினேன். சாந்த்ராகாச்சியை இந்தத் தடவை நிற்காமல் தாண்டிவிட்டது. இந்தப் பெட்டியிலும் வேலூர் போகிற ஒரு குடும்பம் இருந்தது. எனக்கு வங்காளி தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மாலை சேகர் போன் செய்தான்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாப்பா? புபாய் எப்படியிருக்கான்?"

"இருக்கான். உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான்."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

ஸ்பிரிங்குகள் இப்போது என் மேஜை டிராயரில் இருக்கின்றன. அவனிடம் சொல்ல வேண்டியதை ஒன்றுவிடாமல் இங்கே எழுதிவிட்டேன். தமிழில் எழுதியிருக்கிறேன். சேகருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.